வாளியில் இருந்த மீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். ரொறன்ரோக் குளிரும் பழகிவிட்டது.

வீட்டுக்கார குகதாசன் அண்ணை இங்குள்ள ஏரிகளில் வாழும் சன்ஃபிஷ் மீன்களில் பல இனங்களைக் கண்ணாடித் தொட்டியில் ஒன்றாக வளர்க்கிறார். நேற்றுக் குசினியில் ஒரு வாளிக்குள் ஒன்று தனியாக நீந்தியது. சமைக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பொரித்துவிட்டேன்.

"ஐயோ தங்கச்சி, உவன் மற்றதுகளைக் கடிக்கிறானெண்டெல்லோ பிரிச்சு வைச்சனான்!" என்றார் அண்ணை.

"இனிச் சண்டையில்லை," என்று அவர் மனைவி சிரித்தார். அண்ணை சாப்பிடவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வாடகைக்கு இருப்பவளாகத் தெரியுமென்று, வீட்டு ஆள் மாதிரி நடக்கப்போனேன். வெட்கமாக இருக்கிறது அம்மா. இன்று காலை உப்பைக்கூடக் கேட்டுத்தான் எடுத்தேன்.

கறித்தூள் அனுப்பினால் சின்னப் பொதியாக அனுப்புங்கள். என் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
சுகிர்தா