மெழுகு போட்ட தரை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி நலம். மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? ஒருவரும் நம்ப மாட்டீர்கள் என்று உறுதிகூறி ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் அலுவலகக் கட்டடத்துக்கு இப்போது ஒரு அம்மாதான் தலைமை மேலாளர். அவருடைய முதல் வாடகைக்காரராக ஒரு முதலாளி வந்தார். நான் மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் சூரியனே முகம் பார்த்துத் தலைவாரியது. முதலாளி வழுக்கி அடுத்த ஊர் வரை போய்த் திரும்பினார்.

“இந்த ஆள வேலைய விட்டுத் தூக்குங்க. அப்பறம்தான் வாடகைப் பத்திரத்துல கையெழுத்து.”

“மெழுகு போடச் சொன்னது நான்தான் சார். அவரு இங்கதான் இருப்பாரு. நீங்க வேணும்னா வேற கட்டடம் பாருங்க.”

முதலாளி தரையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. புதியதில் தூக்கம் வரவில்லை. வேலைக்கு நேரமாகிறது. கதையில் ஒன்று மட்டும் உண்மை: நானாகப் போட்ட மெழுகை, தானே போடச் சொன்னதாகச் சொல்லி, அந்த அம்மா என் வேலையைக் காப்பாற்றினார்.

உன் தம்பி