நியாய சபையில் வேலு சொன்ன ‘சந்தோசம்’

என் ஆசை மச்சான் தேவனுக்கு,

வெள்ளவத்தையில் நம் சைவக்கடை அடுப்பு மறுபடியும் நன்றாக எரிகிறது. வழக்கு முடிந்துவிட்டது. உனக்குத்தானே முதலில் சொல்லவேண்டும்?

நீ கண்ணை மூடியபோது சமையல்கார வேலுவும் பரிமாறுகிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டு என்மேல் தொழில் நியாய சபைக்குப் போயிருந்தார்கள். குண்டு வெடித்தபின் ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்டார்கள். விற்காத கடைக்கு என்ன சம்பளம் என்றேன் நான். “வீட்டுக்குப் போக வழியில்லாமல் கடைக்குள்ளதானே கிடந்தவங்கள், பாதியாவது குடு மச்சான்” என்றாய் நீ.

கடைசியில் பாதிக்கே இணங்கினோம். சபை ஏற்றுக்கொண்டால் மறுநாளே வேலைக்கு வருவதாக வேலு சொன்னான். ஏற்காவிட்டால்? அவனில்லாத சாம்பாரைக் குடித்துவிட்டு நம் வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் சில மாதம் போனால் கடையை விற்கத்தான் வேண்டும்.

அன்றைக்கென்று மொழிபெயர்ப்பாளர் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டார். சபைத் தலைவி அம்மா பொறுக்காமல், இந்த உடன்பாடு உனக்குச் சரியா என்று வேலுவிடம் நேரே சிங்களத்தில் கேட்டார். அவனுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். கையைக் கட்டிக்கொண்டு, “சந்தோசம், நோனா, சந்தோசம்” என்றான்.

சிங்களத்தில் நோனா அம்மாதான்; ஆனால் சந்தோசம் என்றால் கைக்குள் வைக்கிற லஞ்சக் காசு. உனக்குச் சொல்லவேண்டுமா? நாமே எத்தனை பேருக்கு வைத்திருப்போம்!

அம்மாவின் பேனா நின்றது. “கவுத சந்தோசம் துன்னே?” யார் கொடுத்தது என்கிறார். யாருக்குச் சந்தோசம் என்று கேட்பதாக நினைத்த இந்த மனுசன், பல்லெல்லாம் தெரிய என்னைக் காட்டி, “முதலாளி!” என்கிறான். விளக்கலாம் என்று எழும்பினேன். இருக்கச் சொல்லி ஒரு அதட்டல். இருந்தேன். காசு கொடுத்து அவனை இணங்க வைத்தவனாகிவிட்டேன்; கடை போயிற்று என்றே நினைத்தேன், மச்சான்.

நல்லவேளை, மொழிபெயர்ப்பாளர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்து சொல்லின் குழப்பத்தை விளக்கினார். அம்மா சிரிக்கவில்லை. தமிழிலேயே பதில் சொல்லச் சொன்னார்.

“முழுச் சந்தோசமுன்னு சொல்ல மாட்டேங்கம்மா. பாதிதானே தாராரு. மொதலாளிக்குக் கை இறுக்கங்க. ஆனா சம்மதங்க. யாரும் வெரட்டலை.”

எனக்கு முகம் சுட்டது. அம்மாவோ அப்போதுதான் பேனாவை எடுத்தார். சந்தோசம் என்றவனை நம்பாதவர், முழுச் சந்தோசமில்லை என்றவனை நம்பினார்! கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்ததும், “கை இறுக்கமாடா எனக்கு?” என்றேன்.

“கோட்டுல பொய் சொல்லலாமுங்களா? உளுந்து ஊறப்போடவா, மொதலாளி?”

இப்போது காலையில் மேசை கிடைக்காமல் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். உன் தங்கைக்கும் முகம் தெளிந்திருக்கிறது.

சண்டை முடிகிற சிலமனோ அடையாளமோ இல்லை. ஊரடங்கு இனியும் வரும். அப்படிக் கடை பூட்டினால், பாதிச் சம்பளத்தை யாரும் கேட்கமுன்னம் நானே கொடுப்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு. முழுதாகக் கொடுப்பாயா என்று மட்டும் கேட்காதே.

உன் தங்கையைக் கட்டியவன், கடையில் உன்னோடு சரிபாதி நின்றவன்,
மச்சான் பாலன்