ஷிப்ட் கார்த்திகை

மதினி,

ஓலைக்கொழுக்கட்டை வேகிறது. ஈரப் பனையோலையும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த மணம் என்னை நேராகக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்த வருஷத்தில் கொண்டுபோய் விடுகிறது. ராஜபாளையத்தில் நம் மில்லில் ராத்திரி ஷிப்ட் தொடங்கியதும் அந்த வருஷம்தான். எனக்குச் சாயங்கால ஷிப்ட். நான் வெளியே வந்தால் அண்ணன் உள்ளே போவார். எனக்கு எழுத்துத் தெரியாதல்லவா, நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் செல்வி எழுதுகிறாள்.

அந்தக் கார்த்திகை அன்று ஆள் பற்றாது என்று அண்ணனையும் சாயங்காலமே கூப்பிட்டுக்கொண்டார்கள். தெரு முழுக்க விளக்கு. நம் வாசல் மட்டும் இருட்டு. எதிர்வீட்டுப் பெரியம்மா சும்மா இருப்பார்களா?

“ஏட்டி, ஊரே விளக்கேத்திருக்கு. உங்க வீட்டுல மட்டும் என்ன, எழவா?”

“எழவெல்லாம் இல்ல பெரியம்மா. எங்க வீட்டுக் கார்த்திகை மில்லுக்குப் போயிருக்கு. ஷிப்ட் முடிஞ்சு நாளைக்கு வரும்” என்றீர்களாம். என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ‘ஷிப்ட் கார்த்திகை வீடு’ என்று தெருவில் நமக்குப் பெயரே விழுந்துவிட்டது.

மறுநாள் அண்ணன் தூங்கி எழுந்த பிறகு, உச்சி வெயிலில் வாசலில் வரிசையாக விளக்கேற்றினீர்கள். சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. மேலே காற்று நெளிவதை வைத்துத்தான் எரிகிறது என்று தெரிந்துகொண்டோம். எனக்கு உள்ளூரப் பயம்.

“பட்டப்பகல்ல ஏத்துதீகளே மதினி, சாமி ஏத்துக்கிடுமா?”

“சாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும் கொழுந்தனாரே. நாம நாலு பேரும் ஒண்ணா உக்காந்தா அதுக்குப் போதும். நீங்க ஓலையப் பிரிங்க, கை சுட்டுராம.”

ஊதி ஊதித் தின்றோம். ஆண்டாள் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கும்பிட்டு முடித்த மாதிரி மனசு நிறைந்தது அந்த மத்தியானம்தான். அதற்குப் பிறகு பொங்கலும் ஆடியும்கூட ஆள் கூடிய நேரம் பார்த்தே நம் வீட்டுக்கு வந்தன.

முந்தாநாள் உங்கள் முதல் திதி. செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி; மாற்றிவிட ஆள் இல்லை. போனில் அழுதாள்: “சித்தப்பா, எங்கம்மா படையலுக்கு நான் இல்லையா?”

மம்சாபுரத்திலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “திதியத் தள்ளுனா ஊரு சிரிக்கும் மச்சான். செத்தவுகளுக்கும் ஆகாது.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உங்களுக்கு ஏதும் குறை வந்துவிடுமோ என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் நான் சொன்னேன்:

“காக்காய்க்கு இன்னைக்குச் சோறு வைப்போம் மாப்பிள்ளை. படையல் பிள்ள வந்த பொறவுதான். மதினிக்கு ஷிப்ட்டுன்னா என்னன்னு தெரியும்.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்று காலை டூட்டி முடிந்து செல்வி வந்தாள். மாவு பிசைந்து ஓலையில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தாள். உங்கள் தம்பி இலை போட்டுக்கொண்டிருக்கிறார். வெந்ததும் வெயிலில் அவளே விளக்கேற்றுவாள். சுடரைக் காணோமே என்று யாராவது கேட்டால், மேலே காற்று நெளிவதை நான் காட்டுவேன். அன்று அதைப் பார்த்தவர்களில் அண்ணன் இல்லை, என் வீட்டுக்காரி இல்லை, இப்போது நீங்களும் இல்லை. இருப்பது உங்கள் கொழுந்தன் முத்தையா ஒருவன்தான்.