நாலு மணிக்குப் பிள்ளைகள் வரக்கூடாது

1943 ஜூலை 5, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பம்பாய்த் தாராவியில் நாங்கள் இருக்கிற ஒற்றை அறைக் கோலிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டியையும் அரிசியையும் கட்டில் மேல் ஏற்றியாயிற்று.

இன்று முதல் மருமகள் செல்லம்மாளுக்கு மாட்டுங்காவில் வேலை. பட்டாளத்துச் சட்டை தைக்கும் இடம். காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறு. மூன்று வயதுப் பேத்தி பொன்னு என் தலையில். மகன் பட்டாளத்தில். கடிதம் வந்து மூன்று மாதம்.

நாலு மணிக்கு மைதீன் பாய் சாயாக்கடை. உள்ளறையில் தையல்காரர் சாமுவேல் மதராஸ் பேப்பரை உரக்க வாசிப்பார். இரண்டு நாள் பழைய பேப்பர்தான். எனக்கு அதுவே கதி. பள்ளிக்கூடம் போகாதவன். தோல் மூட்டைகளில் பெயர் எழுதிப் பழகிய கை, பெரிய எழுத்து வரும். பேப்பரின் பொடி எழுத்து பிடிபடாது. காதில் விழுந்தது மட்டும் அப்படியே நிற்கும்.

பொன்னுவைத் தூக்கிக்கொண்டு போனேன். பாய் வாசலிலேயே மறித்தார்.

"அண்ணாச்சி, பிள்ளையோட உள்ள விட முடியாது."

"ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன் பாய்."

"இந்தச் சட்டத்தைப் போடச் சொன்னதே நீருதானவே. மறந்து போச்சா?"

மறக்கவில்லை.

ஜூலை 6

போன மாதம் நடந்தது. அடுத்த சந்து மாடத்தி உள்ளறை வாசலில் நின்று கேட்பாள். அவள் புருஷனும் பட்டாளம். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பர்மாப் பக்கத்துச் செய்தி வரும்போது பெரியவன் கிளாசை உருட்டினான், சின்னவன் பன் கேட்டுக் கத்தினான். அந்த இரண்டு வரி எனக்குப் போயிற்று. "இது சாயாக்கடையா, தொட்டில் கட்டுத இடமா?" என்று எழுந்து நின்று கத்தினேன். நாலிலிருந்து ஐந்து வரை பிள்ளைகள் கூடாது என்று பாயிடம் சொன்னதும் நான்தான். எல்லாரும் சரி என்றார்கள். கொதிக்கிற பாய்லர் வேறு பக்கத்தில். மாடத்தி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

இன்று இறவாரத்தில் நான். தோளில் பொன்னு. தகரத்தில் மழைச் சத்தம். உள்ளே சாமுவேல் குரல், "நமது படைகள்..." அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மண்ணெண்ணெய்த் தகரத்தோடு மாடத்தி போனாள்.

"என்ன பெரியப்பா, வெளிய நிக்கிய? உள்ள இடமில்லையோ?"

பொன்னுவைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

ஜூலை 8

பாயிடம் மறுபடி கெஞ்சல். உள்ளேயிருந்து ஒருவன், "மாடத்திக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?" சரிதான். இன்னொருவன், "வீட்ல பொழுதன்னைக்கும் பிள்ளைச் சத்தம். இந்த ஒரு மணி நேரமாவது மனுசனா இருந்துக்கிடுதோமே." அதுவும் சரிதான். அவன் கோலியில் ஒன்பது பேர்.

சட்டம் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். வெளியே மாட்டிக்கொண்டது நான், அவ்வளவுதான்.

பொன்னு இன்று கேட்டவை: பன். பூனை. ரயில். அம்மா. அம்மா. அம்மா.

முழங்கால் வலி.

ஜூலை 9

மழை கொஞ்சம் விட்டது. மாடத்தி தானாக வந்தாள்.

"பிள்ளையை எங்கிட்டத் தாங்க. உள்ள போயிக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லணும். ஒண்ணும் விடப்படாது, ஆமா."

போனேன். கேட்டேன். வந்து ஒப்பித்தேன். சோப்பு விளம்பரம் வரைக்கும் கேட்டாள். இவளையா துரத்தினேன் என்று இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 12, திங்கள்

பேப்பரின் கடைசியில் பட்டியல். திருநெல்வேலி ஜில்லா, யுத்தத்தில் காணாமற்போனவர்கள். பதினோரு பெயர். என் மகன் பெயர் இல்லை. உடம்பு லேசாயிற்று. ஏழாவது பெயர் மாடத்தி புருஷனுடையது. தகப்பன் பெயர் சரி. ஊரும் சரி. லேசான உடம்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சாமுவேல் நிறுத்திவிட்டார். பாய் ஆற்றிய சாயாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தந்தி ஊருக்குப் போயிருக்கும். பட்டாளத்தில் சேரும்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் கொடுத்தது ஊர் விலாசம். தாராவிக் கோலியை யார் விலாசம் என்று நினைத்தது? இங்கே அவளுக்குச் சொல்ல சர்க்காரிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

வெளியே வந்தேன். பொன்னு மாடத்தி தோளில் தூக்கம்.

"என்ன சேதி பெரியப்பா?"

ரேஷன் அரிசி. மதராசில் மழை. இத்தாலிக்காரன் சங்கதி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜூலை 13

பகல் முழுக்கப் பொன்னு மடியை விட்டு இறங்கவில்லை. நானும் இறக்கவில்லை.

நாலு மணி. இறவாரத்தில் மாடத்தி. பையன்கள் இரண்டு பேரும் நனைந்து. "பிள்ளையைத் தாங்க, போயிட்டு வாங்க" என்று கையை நீட்டினாள். உள்ளே போகக் கால் வரவில்லை. வெளியே நின்றால் அவளிடம் நடுத்தெருவில் சொல்ல வேண்டும்.

"பாய், இன்னைக்கு எல்லாரையும் உள்ள விடும்" என்றேன்.

பாய் அவளைப் பார்த்தார். பெஞ்சை இழுத்துப் போட்டார். சின்னவனைத் தாமே தூக்கிக்கொண்டார். "வா தாயி, மழையில நிக்காத."

"சட்டம் என்னாச்சு?" என்று மாடத்தி சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவன் கிளாசை உருட்ட ஆரம்பித்தான். பொன்னு பன் கேட்டுக் கத்தினாள். ஒருவரும் அதட்டவில்லை. சாமுவேல் பேப்பரைப் பிரிக்கவே இல்லை.

மாடத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பையன்களையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பெரியப்பா, நேத்து எதை விட்டிய?"