நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வெயிலைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அங்கே யாரையாவது திட்டிக்கொண்டாவது சௌக்கியமாக இருக்க வேண்டும். போன மாதம் பஸ் ஸ்டாப்பில் எனக்குத் தலை சுற்றியது உண்மைதான், ஆனால் அம்மா போனில் சொன்ன அளவுக்கு இல்லை. நாலு பேர் தூக்கி வந்தார்கள் என்றாளாம், இரண்டு பேர்தான், அதிலும் ஒருவர் குடை மட்டும் பிடித்தார். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே தலை காட்டக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. முப்பத்திரண்டு வருஷம் ஊரிலுள்ள லிப்ட்டுகளையெல்லாம் ஏறி இறங்கிச் சோதித்த ஆளை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும், இரண்டாம் நாளே மிக்ஸியைக் கழற்றிவிட்டேன். அது இன்னும் ஓடவில்லை, அம்மாவும் இன்னும் சரியாகப் பேசவில்லை.

வீட்டிலேயே கிடப்பதால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, அவள்தான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி தூக்கம் வருவதில்லை, வேலை நினைப்பே ஓடுகிறது என்றாய். அங்குள்ள டாக்டர் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்து, வேலையைத் தொடாதே, லேசான கதைப் புத்தகம் ஏதாவது படி என்றாராம். அதற்கு நீ, "புத்தகத்தை எடுத்தாலே யாரோ வந்து பிடுங்கிடுவாங்கன்னு இருக்கும்மா, அதுக்குப் பதிலா இந்த லீவுல ஒரு கோர்ஸை முடிச்சிடறேன்" என்றாய். யாரோ என்றாய். அப்பா என்று சொல்லவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது.

போய் பீரோவின் உள் லாக்கரைத் திறந்தேன். என் சர்வீஸ் காகிதங்களுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றியபடி உன் மூன்று நாவல்களும் அப்படியே இருந்தன. பத்தாவது முடித்த கோடை விடுமுறையில் ஜன்னலோரம் குப்புறப் படுத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். வேலையிலிருந்து வந்த எரிச்சலில், லீவு என்றால் அடுத்த வருஷப் பாடத்தைப் பார்க்க வேண்டியதுதானே, இதில் இளிக்க என்ன இருக்கிறது என்று கையிலிருந்ததைப் பிடுங்கினேன். பரீட்சை முடியட்டும் தருகிறேன் என்று, பக்கத்தில் கிடந்த மற்ற இரண்டையும் சேர்த்துப் பூட்டினேன். பரீட்சை ஒன்று மாற்றி ஒன்றாக முடிந்துகொண்டே இருந்தது, நான் மறந்தே போனேன். நீ கேட்கவும் இல்லை. நல்ல பெண், கேட்காமல் இருக்கிறாள் என்று அப்போது பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானமே மேலே இருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன், அந்தத் தையல்காரர் கதையை. எனக்குத்தான் கதை படிக்கத் தெரியாதே, லிப்ட்டைப் பார்க்கிற மாதிரி எங்கே அறுந்து விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். பென்சிலும் காலண்டர் தாளுமாக உட்கார்ந்து யார் யார், எந்த அறை, யார் மேல் சந்தேகம் என்று குறித்தேன். மாடியில் குடியிருக்கும் தையல்காரர் எல்லோரிடமும் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாரே, துணிகளை எங்கோ கடத்துகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். எண்பது பக்கம் போயிற்று, ஒரு கொலை இல்லை, திருட்டு இல்லை, மாடிப்படியில் ஒருத்தர் வழுக்கிக்கூட விழவில்லை. அம்மாவிடம் இதில் ஒன்றுமே நடக்கவில்லையே என்றேன். "நடக்கவா படிக்கிறோம், அந்த வீட்டுல கொஞ்ச நேரம் இருந்துட்டு வரத்தான் படிக்கிறோம்" என்றாள். அதற்குப் பிறகு காலண்டர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் வாடகை கேட்கப் போய், பாதி தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்க வந்ததையே மறந்து திரும்புகிற இடத்தில், நான் தனியாகச் சிரித்தேன் சின்னு. சிரித்த பிறகுதான் ஜன்னலோரம் நீ எதற்குச் சிரித்தாய் என்று புரிந்தது. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் உன் பழைய பஸ் டிக்கெட் இருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லியே தீர்வது என்று வீட்டுக்கார அம்மாள் மாடியேறி, அந்தத் தையல்காரரின் கதவைத் தட்டுகிறாள். அங்கேதான் நான் உன்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை போனது, புரட்டவில்லை. நீ பார்க்காததை நான் முதலில் பார்ப்பது நியாயமாகப் படவில்லை. இதில் ஒரு வேடிக்கை, அம்மா மூன்றையும் எப்போதோ படித்து முடித்துவிட்டாளாம். லாக்கருக்கு இன்னொரு சாவி இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது, அவள் நான் வேலைக்குப் போனதும் எடுத்துப் படித்துவிட்டு, டிக்கெட்டைக் கூட இருந்த பக்கத்திலேயே திருப்பி வைத்திருக்கிறாள். அந்தச் சாவியை உன்னிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "பயந்துக்கிட்டே படிச்சா அதுல என்ன இருக்கு, நான் படிச்சதும் அப்படித்தான்" என்றாள். நான் பிடுங்கியது உன்னிடம் மட்டுமில்லை என்று அவள் சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது.

மூன்று புத்தகங்களையும் இன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன், பயப்படாதே, நாலு மணிக்கு மேல்தான் போனேன். கோர்ஸ் எங்கும் ஓடிப்போகாது. படுத்துக்கொண்டே படி, நடுவில் தூக்கம் வந்தால் தூங்கு, சாப்பிடும்போது படித்துப் பக்கத்தில் குழம்பு சிந்தினாலும் பரவாயில்லை. பிடுங்கியது தப்பு. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமானது அதைவிடப் பெரிய தப்பு. உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம். அம்மா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், ராத்திரி எண்ணெய் தேய்த்துக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளவும் சொன்னாள்.

மறக்காமல் ஒன்று. கதவைத் திறந்து தையல்காரர் என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன், சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். நீதான் சொல்ல வேண்டும். அவசரமில்லை, நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நீ எத்தனை நாள் இழுத்தாலும் ஏன் என்று கேட்கமாட்டேன்.

மூடிய பக்கத்தில் காத்திருக்கும்,
உன் அப்பா