மேல்படியில் ஊற்றிய நீலத்தண்ணீர்

அக்கா,

நேற்று ஊர்காவற்றுறைத் துறையில் யாரோ வள்ளத்தின் இடுக்கு அடைக்கக் குங்கிலியம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாரி கடந்துவிட்டது. இருந்தும் உங்களோடு நாலு வார்த்தை பேசாமல் நகர மனம் வரவில்லை.

அறுபதுகளில் உங்கள் வீட்டு வாசலுக்குக் கொங்கிறீற் படி கட்டிய மேசன் நான். தீவில் கொங்கிறீற் படி அப்போது புதிது. என் தலைக்கனமும் புதிது. உவர்க் கிணறுகளோடு சீவிக்கிற நமக்கு மழைத்தண்ணீரை வீணாக விட மனம் வராது. அதனால் மேல்படியைச் சுவர்ப்பக்கம் சரித்து, படியும் சுவரும் சேருகிற இடத்திலேயே ஒரு வாய்க்கால் விட்டு, தண்ணீரை மூலைத் தொட்டிக்கு ஓட விட்டேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். கன்னியர் மடத்துக்கும் படி கட்ட வேண்டும், மார்கழியில் வந்து இந்தப் படியைப் பார்க்கிறேன் என்று பங்குச் சுவாமி சொல்லியனுப்பினார். அந்த வேலை கிடைத்தால் தீவெல்லாம் என் பெயர் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கார்த்திகை மழையில் உங்கள் முன்னறைச் சுவர் அடியிலிருந்து ஊறத் தொடங்கியது. நான் கூரை ஓட்டைக் குறை சொன்னேன். ஓடு போட்டவரோடு சண்டைக்கும் போனேன். யாருக்கும் தெரியாமல் படி இடுக்கில் சீமெந்து பூசினேன். ஒரு கிழமை வெயிலில் அது வெடித்தது. மறுபடி பூசினேன்; மறுபடி வெடித்தது.

பிறகு ஒருநாள் ஆளனுப்பிக் கூப்பிட்டீர்கள். வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலத்தை வாளியில் கரைத்து வைத்திருந்தீர்கள். அதை மேல்படியில் ஊற்றிவிட்டு, உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தீர்கள். நான் குடித்து முடிப்பதற்குள் வெள்ளைச் சுவரின் அடியில் நீலம் கசிந்தது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

“தம்பி, கடலிலை வள்ளம் அசையுது. வெயிலிலை உம்முடைய படியும் அசையும். சுவரோடை இறுக்கி ஒட்டினால் வெடிக்காமல் என்ன செய்யும்?” என்றீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் தன் வள்ளத்தின் பலகை இடுக்குகளை அடைக்கும்போது குங்கிலியம் காய்ச்சிக் கொடுப்பவர் நீங்கள்தானே. படியை நானே உடைத்தேன். சுவரிலிருந்து ஒரு விரல் விலக்கி, முற்றத்துப் பக்கம் சரித்துப் புதிதாகக் கட்டினேன். இடைவெளியில் பஞ்சுத் திரியை இறுக்கி அடைத்து, நீங்கள் எண்ணெயில் காய்ச்சித் தந்த குங்கிலியத்தை அதன்மேல் வார்த்தேன். அத்திவாரத்துக்குள் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

சுவாமி வந்தார். முதலில் சுவர் ஊறினதாமே என்று கேட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் மூடி மறைத்துவிடுவீர்கள் என்று நம்பினேன்.

“ஓம் சுவாமி, பிழை விட்டவர்தான். ஆனால் தன்ரை கையாலையே உடைச்சுத் திருப்பிக் கட்டினவர். மடத்து வேலையை இவருக்கே குடுங்கோ.”

உங்கள் நீலத்தைப் பற்றியோ குங்கிலியத்தைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. பொய்யும் சொல்லாமல், என்னையும் விட்டுக்கொடுக்காமல் பேசிய உங்களைப் போல ஒரு மனுசியை நான் பிறகு கண்டதில்லை. மடத்து வேலை எனக்கே கிடைத்தது.

போன மாதம் காரைநகரில் ஒரு வீடு. நான் வைத்த யன்னல் நிலை ஒன்று சற்றுச் சரிவு. வீட்டுச் சொந்தக்காரர் கவனிக்கவே இல்லை. நானாகப் போய், இது என்ரை பிழை, நாளைக்குக் கழற்றித் திருப்பி வைக்கிறன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அக்கா, அன்று எனக்காக நீங்கள் சொன்னதை இப்போது நானே சொல்லப் பழகிவிட்டேன்.