சூரியன் மறைவதற்குக் காசா?

நேற்று மாலை என் மருமகன் கைப்பேசியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். நோன்பு திறக்க, சூரியன் மறையும் நேரத்தைக் காட்டும் சின்னச் செயலி அது. இனி வருஷத்துக்கு ஏதோ கட்ட வேண்டுமாம். "இதுக்கெல்லாமா காசு கேப்பானுங்க? நாலு வரி எழுதிப் போட்டிருப்பான்" என்று சொல்லி அதை அழித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ, அடி பாவி! கேட்க ஆள் இல்லாமல் உனக்கே எழுதுகிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் கடை. முன்பக்கம் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பேன். பின்பக்கம் நீயும் உன் கம்ப்யூட்டரும். விழுப்புரத்துக்காரர் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்தது. எண்பதுகளின் கடைசியில் அதைப் பார்க்கவே ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். வேலை கொடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை. என் வகுப்புப் பீஸில் வாடகை ஓடியது. ஐப்பசிக்குள் மெஷின் தன் வாடகையைத் தானே சம்பாதிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். பேசியது நான், நீ தலையை மட்டும் ஆட்டினாய். அது போனால் உனக்குப் பாதி உயிர் போன மாதிரி என்று எனக்குத் தெரியும்.

உங்கள் சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஊருக்கு மேற்கே கோட்டை மலை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கியதுமே பெரியவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். நிஜமான அஸ்தமனத்துக்கு இன்னும் நேரம் இருக்கும். மழைக்காலத்திலோ மலையும் தெரியாது, சூரியனும் தெரியாது. எதற்கு வம்பு என்று வயதானவர்கள் மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்காக நீ ஒரு புரோகிராம் எழுதினாய், முப்பது வரிகூட இருக்காது. மாதம் முழுவதற்கும் இரண்டிரண்டு நேரங்கள்: மலைப்பொழுது, நிஜப்பொழுது. மலைப்பொழுதைப் பிடிக்க நீ ஆவணி வெயிலில் மொட்டை மாடியில் கடிகாரத்தோடு நின்று கறுத்துப் போனாய். எங்கள் வீட்டில் நோன்பு திறக்க எந்த நிமிஷத்துக்குக் காத்திருப்போமோ, அந்த நிமிஷத்துக்குள் உங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்தாக வேண்டும் என்று சொல்லிச் சிரித்தோம்.

தாளுக்கு இரண்டு ரூபாய் என்றாய். எண்ணெய் மில் வைத்திருந்த உன் மாமா முறைக்காரர்தான் முதலில் வந்தார். ஐப்பசித் தாளைப் படித்து, "பலே!" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். விலையைச் சொன்னதும் சிரித்தார்.

"இன்னாம்மா இது, சூரியன் மறையறதுக்கா காசு? பேப்பர் இன்னா வெலயோ அத எடுத்துக்க." சில்லறையை மேசையில் வைத்தார்.

"பேப்பர நீங்களே வச்சிக்கங்க மாமா. அதுல இருக்கற எழுத்த மட்டும் குடுத்துட்டுப் போங்க."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுருங்கியது. தாளோடு விறுவிறுவென்று போய்விட்டார். மறுநாள் அந்தத் தாள் ஜெராக்ஸ் கடையில்! ஆளாளுக்கு அங்கே நின்று பிரதி எடுத்தார்கள், முணுமுணுக்காமல் காசு கொடுத்தார்கள். மூடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறதே. உன் மண்டைக்குள் ஓடியது யார் கண்ணுக்குத் தெரிந்தது?

நானும்தான் உன்னிடம் சொன்னேன்: "சாப்பாட்டு விஷயம்டி. புண்ணியமா குடுத்துட்டுப் போயேன்."

"நீ டைப்பு சொல்லித் தர்றதுக்கு பீஸ் வாங்கறியே, அது பாவமா?" என்றாய்.

ஐப்பசி முடிந்து, கார்த்திகை இரண்டாம் நாள் வேன் வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. நீ அழவில்லை. மேசையைத் துடைத்தாய், துடைத்த இடத்தையே துடைத்தாய். அந்த நேரம் பார்த்து மாமாவின் மனைவி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கார்த்திக பேப்பர் வரலியேம்மா. எங்க மாமியாரு பொழுது போயிட்டுதோ இன்னாவோன்னு பயந்துக்கினு நேத்து மத்தியானத்தோட சரி. ராவெல்லாம் பசியில பொரண்டுக்கினு கெடந்தாங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மெஷினே போயிட்டுது. உங்க வூட்டுக்காரரையே கேளுங்க" என்றேன். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். லாக் டேபிள் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவர் பெஞ்சில் காத்திருக்க, கார்த்திகை முழுவதையும் கையாலேயே கணக்குப் போட்டு எழுதினாய். அவர் முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்தபோது "வேணாம் அத்த" என்றாய்.

அவர் படி இறங்கியதும் உன்மேல் பாய்ந்தேன். "இத மொதல்லயே செஞ்சிருந்தா கெட்ட பேராச்சும் வந்திருக்காதே. அப்ப காசு கேட்டது தப்புதானே?"

"கேட்டதும் சரிதான்டி. இப்ப வேணாம்னதும் சரிதான். ரெண்டயும் போட்டுக் கூட்டிக் கழிக்காத."

பிறகு நீ விழுப்புரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராகப் போனாய். அப்புறம் புரோகிராம் பக்கமே திரும்பவில்லை. போன வருஷம் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டு ரூபாய்! அதைக் கொடுத்திருந்தால் நீ என்னவாகியிருப்பாய் என்று இந்த ஊரில் ஒருத்தராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

கடையை நான் இன்னும் நடத்துகிறேன். சின்ன வேலை என்று வருகிறவர்களிடம் விலையை முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிடுவேன். கறார்க் கிழவி என்று பேர். ஆனால் வயதானவர் யாராவது காசு முடிச்சை அவிழ்த்தால் என் வாய் தானாக "வேணாம்மா" என்கிறது. வாங்கிய நாளில், நான் பார்த்தேயிராத அந்த மாமியார் பசியோடு புரள்வது கண்ணுக்குள் வருகிறது. வாங்காத நாளில், உன் மெஷினை வேனில் ஏற்றி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி என்று தோன்றுகிறது. கூட்டிக் கழிக்காதே என்றாய். என்னால் முடியவில்லையடி.